சக்கரத்தின் மேல் ஒரு வீடு

 

இல்லத்தின் பாதுகாப்பைப் பற்றி மாதந்தோறும் இப்பகுதியில் பேசி வருகிறோம். அடுப்பங்கரை, மின்கம்பி, கிணற்றடி, மாடிப்படி என்று அசையாத வீட்டையே இதுவரை சுற்றி வந்தோம். இம்மாதம் அசைகின்ற வீடு ஒன்றைப் பற்றிப் பேசுவோம்.

'கேரவன்' என்னும் சொல், திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்ற அளவில்தான் நம் மக்களுக்கு முதலில் அறிமுகமாயிற்று. வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பியோர், குளிர்காலத்தில் அந்நாட்டவர் பாலைவெளியில் வண்டி வீடுகளை நிறுத்திக் குடும்பத்தோடு தங்குவதைக் கண்டிருப்பர். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பார்த்து வந்த பெற்றோர், திறந்த வண்டியின் முதுகில் பூட்டி இழுத்துச் செல்லப்படும் 'ஃபிப்த் வீல்' என்னும் பெரிய வீடுகளையும் கண்டிருக்கலாம். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் அரசு, 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. நம் பக்கத்திலும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சில இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் அடுப்பும் பொருத்தி, நாகூருக்கும் ஏர்வாடிக்கும் ஊட்டிக்கும் புறப்படலாமே என்னும் ஆசை துளிர்த்திருக்கிறது.

ஆசை நல்ல ஆசைதான். நடக்க இயலாத முதியவர் படுத்துக்கொண்டே ஓய்வெடுக்கலாம். கைக்குழந்தைக்கு மறைவாகப் பாலூட்டலாம். பெண்களுக்குக் கழிப்பறைக் கவலை இல்லை. தொழுகை நேரம் வந்தால் வசதியாக நிறுத்திக்கொள்ளலாம். ஆனால், இத்தகைய வண்டியை முதன்முதலாக வாங்குவோர் ஓர் உண்மையை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது அது வீடன்று, வாகனம். நின்றுவிட்டாலும் அது முழு வீடாகிவிடுவதில்லை. அதன் அடியில் எஞ்சினும் எரிபொருளும் இருக்கின்றன. அதன் அறை நம் வீட்டுச் சமையற்கட்டினும் சிறியது. வாசல் பெரும்பாலும் ஒன்றே. இவ்விரண்டு நிலைகளையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் உயிர்கள் போகின்றன.

நின்றிருந்தபோது நேர்ந்தவை

வண்டியாபத்து என்றவுடன் மோதலும் கவிழ்தலுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், அண்மைக்காலத்தில் நம் நாட்டையே உலுக்கிய இரு நிகழ்ச்சிகள், வண்டி அசையாமல் நின்றிருந்தபோது நேர்ந்தவையாகும்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றியது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் தங்களுக்கெனத் தனியாக ஏற்பாடு செய்திருந்த பெட்டி அது. ரயிலிலிருந்து கழற்றி வேறு தண்டவாளத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த சமையல் எரிவாயு சிலிண்டரே தீக்குக் காரணமாயிற்று. ஒன்பது பேர் மாண்டனர். காலைத் தேநீருக்காக மூட்டிய அடுப்பு அது. பெட்டி நின்றுவிட்டதால் வீட்டைப் போலவே அடுப்பு மூட்டலாம் என்று எண்ணிவிட்டனர்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், கேரளத்தின் வடகரையில் தேசிய நெடுஞ்சாலை ஓரமாக நின்றிருந்த கேரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்து கிடக்கக் காணப்பட்டனர். தீயும் இல்லை, மோதலும் இல்லை. உடலில் காயமும் இல்லை. குளிர்சாதனத்துக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் புகுந்திருக்கிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவே உயிர்களைப் பறித்தது என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

இவ்விரு குழுவினரும் வேகமாக ஓட்டியவர்கள் அல்லர், ஓய்வெடுத்தவர்கள். எனவே, இந்த வண்டியைப் பொறுத்தவரை ஓட்டும் திறமை மட்டும் போதாது என்பதை முதற்பாடமாகக் கொள்வோமாக!

வாங்குவதற்கு முன்னர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை நம் விருப்பம்போல் திருத்துவதைத் தடுக்கிறது. இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போடுவதும், கூரையை உயர்த்துவதும், அடியில் தண்ணீர்த் தொட்டி பொருத்துவதும் திருத்தங்களே. பட்டறைக்காரர் "எல்லாரும் செய்வதுதான்" என்பார். விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனம் அவ்வாறு சொல்லாது. ஆகவே, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் கட்டிய வண்டியையே வாங்குங்கள். பழைய வண்டியாயின், பதிவுச் சான்றில் எழுதியுள்ள வகையும் வண்டியின் இன்றைய தோற்றமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஐயமிருப்பின் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இருக்கின்றன. பணம் கொடுப்பதற்கு முன் அங்கே கேட்பதே முறை.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். இலகுரக வாகன உரிமம் பெற்றவர், 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆனால், உரிமம் இருப்பது வேறு, பழக்கம் இருப்பது வேறு. காரை ஓட்டிப் பழகிய கைக்கு, நீண்ட உயரமான வண்டி முற்றிலும் புதியது. திருப்பத்தில் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை, உட்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். பிரேக் பிடித்தால் நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். பக்கக் காற்று அடித்தால் சாயும்.

பழகுவதற்கு நெடுஞ்சாலை ஏற்ற இடமன்று. பெருநாட்கள் தவிர மற்ற நாட்களில் வெறுமையாகக் கிடக்கும் ஈத்கா திடலில், ஜமாஅத்தாரின் அனுமதியுடன், நான்கைந்து நாட்கள் காலையில் ஓட்டிப் பழகுங்கள். நான்கு வாளிகளை நிறுத்தி அவற்றிற்கிடையே திருப்புங்கள், பின்னோக்கி வாருங்கள். வாளி நசுங்கினால் இழப்பு நூறு ரூபாய்தான்.

பின்னோக்கி வருவதற்கு ஒரு விதி உண்டு. வண்டிக்குப் பின்னால் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும். அவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணுக்கு மறைந்த நொடியிலேயே வண்டி நிற்க வேண்டும். அதற்கும் முன்னதாக, குடும்பத்துப் பிள்ளைகளின் தலைகளை ஒருவர் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாகும்வரை பின்கியர் போடலாகாது. நிக்காஹ் வீட்டு வாசலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் வண்டிக்குப் பின்னால் விளையாடும் குழந்தைகளை எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

பாரமும் டயரும்

புதிதாக வாங்கியவர்கள் அறியாமலே செய்யும் பிழை, அளவுக்கு மிஞ்சிய பாரம். பத்துப் பேர் ஏறினால் அதுவே ஏறத்தாழ 600 கிலோ. நூறு லிட்டர் தண்ணீர் 100 கிலோ. பிரியாணித் தேக்சா, அரிசி மூட்டை, பாய்கள், பெட்டிகள், பேட்டரி, ஜெனரேட்டர் என்று சேர்த்துப் பாருங்கள்! வண்டி எவ்வளவு தாங்கும் என்பது பதிவுச் சான்றிலேயே இருக்கிறது. பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், ஆட்களோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் நெல்லும் கரும்பும் நிறுக்கும் எடைமேடைகளுக்குப் பஞ்சமில்லை.

பாரத்தை வைக்கும் இடமும் முக்கியம். கனமானவை தாழ்வாகவும், சக்கரங்களுக்கு இடைப்பட்ட இடத்திலும் இருக்க வேண்டும். கூரைமேல் தேக்சாக்களை ஏற்றினால் வளைவில் வண்டி கவிழும் அபாயம் மிகும். தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். பாதித் தொட்டியின் நீர் ஒவ்வொரு திருப்பத்திலும் அலைமோதி வண்டியைத் தள்ளும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவானது என்று பொருள். குடும்ப வண்டி ஆண்டில் சில நாட்களே ஓடுவதால் டயரின் பட்டை தேயாமலே இருக்கும். ஆனால், வெயிலில் நின்று நின்று ரப்பர் உள்ளூர முறிந்திருக்கும். பட்டை நன்றாக இருக்கிறதே என்று ஏமாறலாகாது. பக்கவாட்டில் வெடிப்புக் கண்டால் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் காலையிலேயே அளந்து பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்த டயரே சித்திரை வெயிலில் வெடிக்கும் டயர்.

இழுத்துச் செல்வோருக்கு

தனியே கழற்றக்கூடிய கேரவனை இழுத்துச் செல்வோர் நம் நாட்டில் மிகக் குறைவு. எனினும், வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் வாடகைக்கு எடுப்பதுண்டு என்பதால் சில சொற்கள். 'ஐந்தாம் சக்கரம்' என்னும் பெயர் குதிரை வண்டிக் காலத்தது. நான்கு சக்கர வண்டியின் முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கையாக வைத்த வளையமே அது. இன்று நெடுஞ்சாலையில் கன்டெய்னர் இழுத்துச் செல்லும் டிரெய்லர் லாரிகளில், முன்வண்டியின் முதுகில் குதிரை லாட வடிவில் ஓர் இரும்புத் தட்டு இருக்கக் காணலாம். பின்வண்டியின் கீழுள்ள முளை அதில் வந்து பூட்டிக்கொள்ளும்.

பூட்டியபின் கீழே குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும். இரு தட்டுகளுக்கும் இடையே வெளிச்சம் தெரியலாகாது. பூட்டின் கைப்பிடி முழுவதும் மூடியிருக்க வேண்டும். பின்வண்டியின் பிரேக்கைப் பிடித்தபடி முன்வண்டியை மெல்ல முன்னே இழுத்துப் பார்த்து, பிடி உறுதி என்று கண்டபின்னரே தாங்குகால்களை உயர்த்த வேண்டும். மின்னிணைப்பும், வண்டி அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் கம்பியும் மாட்டப்பட்டனவா, பின்விளக்குகள் எரிகின்றனவா என்று மற்றொருவரும் பார்க்க வேண்டும். இழுத்துச் செல்லப்படும் வண்டிக்குள், ஓடும்போது ஒருவர்கூட இருக்கலாகாது. வால்பகுதி இங்குமங்கும் ஆடத் தொடங்கினால் அஞ்சிப்போய்ப் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள்.

டிரெய்லர் லாரியை ஒட்டிச் செல்லும் நமக்கும் இதில் பாடம் உண்டு. அது திரும்பும்போது நடுப்பகுதி உட்பக்கமாக நெருங்கி வரும். சாலை பிரியுமிடங்களில் அதன் இடப்புற இடுக்கில் நுழைவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

ஓடும்போது அது வாகனம்

சென்னையிலிருந்து வரும் பெருஞ்சாலை, திண்டிவனத்தில் கிளை பிரிகிறது. ஒன்று புதுச்சேரிக்கும், ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், நேர்ச்சாலை விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும் செல்கின்றன. சற்றுத் தொலைவில் விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சைச் சாலை பிரிகிறது. நாகூர் செல்வோரில் பலரும் திருச்சி செல்வோரும் இவ்வூர்களைக் கடந்து செல்கின்றனர். இத்தகைய இடங்களில்தான் புதிய ஓட்டுநர் தடுமாறுவார். திருப்பத்தைத் தவறவிட்டுவிட்டால் அப்படியே முன்னே செல்லுங்கள். முறையான திருப்பம் வருமிடத்தில் திரும்பிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் திடீரென நிறுத்துவதும், பின்னோக்கி வருவதும், எதிர்த்திசையில் ஓட்டுவதும் ஒருபோதும் கூடாது. தவறவிட்ட திருப்பத்தால் இழப்பது கால்மணி நேரம் மட்டுமே.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரப் பயணம். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். கைப்பேசியை மூன்று நொடி பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு 66 மீட்டர் ஓட்டியதற்குச் சமம். அதே வேகத்தில் வண்டி மோதி நின்றால், கட்டப்படாத உடல் ஏழெட்டு மாடி உயரத்திலிருந்து விழும் வேகத்தோடு முன்னே பாயும். "படுக்கைதான் இருக்கிறதே, குழந்தை தூங்கட்டும்" என்று தாய்மார் எண்ணுவது இயல்பு. ஓடும்போது அந்தப் படுக்கை படுக்கையன்று. வண்டி மோதினால் குழந்தையை எறியும் பலகை. எல்லாரும் இருக்கையில் அமர்ந்து பெல்ட் அணிய வேண்டும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ தமக்குரிய பாதுகாப்பு இருக்கையோ இன்றிப் பயணம் செய்வது, 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றமுமாகும். அபராதத்துக்கு அஞ்சியன்று, பிள்ளைக்கு அஞ்சியே இதைச் செய்வோம்.

பொருட்களுக்கும் இதே விதிதான். கத்தி, அரிவாள்மணை, இடிகல், பிரஷர் குக்கர் யாவும் தாழிட்ட பெட்டிக்குள் இருக்க வேண்டும். புறப்படுமுன் ஒருவர் உள்ளே சென்று கதவுகள், அலமாரிகள், அடுப்பின் குமிழ் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துவர வேண்டும். ஓடும்போது சமைப்பது, வெந்நீர் வைப்பது, சாம்பிராணி போடுவது எவையும் கூடா.

கரும்பு வெட்டும் பருவத்தில் முண்டியம்பாக்கம் சுற்றுப்புறத்திலும் மற்ற ஆலைப் பகுதிகளிலும் டிராக்டர்கள் கரும்புப் பாரத்தை இழுத்துக்கொண்டு மெல்ல நகரும். பாரம் பக்கங்களில் பிதுங்கி நிற்கும், பின்விளக்கு மறைந்திருக்கும். இரவில் அருகில் சென்ற பின்னரே கண்ணுக்குப் புலப்படும். கூட்டேரிப்பட்டு, ஒலக்கூர் போன்ற சிற்றூர்களின் அருகே மக்களும் இருசக்கர வண்டிகளும் சாலையைக் கடப்பர். இவற்றை முன்னிட்டு, குடும்ப வண்டியை இரவில் ஓட்டுவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. இஷாவுக்குப் பின் புறப்பட்டு விடியலில் சேர்ந்துவிடலாம் என்பது பலரது வழக்கம். பின்னிரவு இரண்டு மணிமுதல் ஐந்து மணிவரை உடல் உறக்கத்தை நாடும் நேரம். மன உறுதியால் அதை வெல்ல முடியாது. ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஓட்டுநருக்கு ஓய்வு கொடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னும் கவனம் தேவை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை நினைவுகூருங்கள். ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. மறுநாள், விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூர் அருகே நெடுஞ்சாலையின் குறுக்கே வெள்ளம் பாய்ந்து சென்னை - திருச்சிப் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தருகே நீர் உயர்ந்ததால் ரயில்களும் தடைப்பட்டன. பெரிய வண்டி என்றால் வெள்ளத்தைத் தாண்டிவிடும் என்று எண்ணாதீர்கள். ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாலே சிறிய காரை மிதக்கச் செய்யும். இரண்டடி உயர்ந்தால் பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லும். உயரமான பக்கச் சுவர் கொண்ட நம் வண்டியின்மீது நீரின் பிடி அதிகமே. சாலையின்மேல் நீர் ஓடினால் திரும்பி வாருங்கள்.

நின்றபின்னும் காவல் வேண்டும்

நிறுத்துமிடம் நெடுஞ்சாலையின் ஓரமாக இருத்தலாகாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்கிறோம் என்பது பாதுகாப்பாகாது. கண்ணயர்ந்த லாரி ஓட்டுநர் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. உணவகம், பெட்ரோல் பங்க், பள்ளிவாசல் என்று சாலையைவிட்டு விலகிய இடத்தில் நிறுத்துங்கள். பழுதாகி நின்றால், நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, முக்கோணப் பலகையைத் தொலைவில் வைத்து, எல்லாரையும் சாலையைவிட்டு விலகிய பக்கமாக, தடுப்புக்கு அப்பால் இறக்கிவிடுங்கள். வண்டிக்குள் அமர்ந்து காத்திருக்கலாகாது. நிறுத்திய வண்டிக்குக் கைப்பிரேக் மட்டும் போதாது. சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுங்கள்.

இனி, காற்றைப் பற்றி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல். பயணக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிட்டால் எழுந்திருப்பது அரிது. ஆகவே, ஜெனரேட்டரை ஓடவிட்டுக்கொண்டு உறங்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்குவதும் அதே தவறு. கரி அடுப்பையும் தணலையும் வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். பாலைவெளிக் கூடாரங்களில் தணல் வைத்து உறங்குவதன் ஆபத்தை வளைகுடா நாட்டு அதிகாரிகள் குளிர்காலந்தோறும் எச்சரித்து வருகின்றனர். வடகரை வண்டியில் இருந்தோர் தாங்கள் சுவாசிப்பது என்ன என்பதை அறிந்திருக்க வழியே இல்லை. இந்த வாயுவை உணர்ந்து ஓசை எழுப்பும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. வண்டியில் மெத்தை வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். ஒரே நேரத்தில் இருவருக்குத் தலைவலி என்றால், காரணம் தேடாமல் எல்லாரையும் வெளியே இறக்குங்கள்.

சமையல் எரிவாயு வேறு குணமுடையது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். வீட்டில் சன்னலைத் திறந்தால் ஓரளவு வெளியேறும். வண்டியின் தரையோ நான்கு புறமும் அடைத்த தொட்டி. தரையில் படுத்திருப்போரின் மூச்சிலும் விளக்கின் பொறியிலும் அது கலந்து நிற்கும். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வண்டிக்குள் ஏற்றவே கூடாது. அங்கீகாரம் பெற்ற கேரவனில் சிலிண்டருக்கென, உள்ளறையோடு தொடர்பில்லாமல், அடியில் காற்றுத் துளையுள்ள தனிப் பெட்டி இருக்கும். அத்தகைய பெட்டி இல்லையேல் அடுப்பே வேண்டாம். இரண்டு நாள் பயணத்துக்குக் கட்டுச்சோறும் ஃபிளாஸ்க்குத் தேநீரும் போதும். நம் முன்னோர் மாட்டு வண்டியில் நாகூர் கந்தூரிக்குச் சென்றபோது வண்டியை ஓரங்கட்டி, கீழே இறங்கி, மரத்தடியில் கல் கூட்டியே சமைத்தனர். அவ்வழக்கம் இன்றைக்கும் பொருந்தும்.

தீயணைக்கும் கருவி ஒன்று வாசலருகே இருக்க வேண்டும்; அடுப்பருகே வைத்தால் தீ மூண்டபின் எடுக்க இயலாது. இரண்டாவது வெளியேறும் வழியாக அவசரச் சன்னல் ஒன்று திறக்கிறதா என்று பாருங்கள். உறங்கும்போது திருடருக்கு அஞ்சிக் கதவை வெளியிலிருந்து பூட்டுவதும், சாவியைத் தலையணைக்கடியில் மறைப்பதும் வேண்டாம். இருட்டிலும் குழந்தை திறக்கும்படியான தாழே போதும். பெட்ரோல் பங்க்கில் நுழையுமுன் அடுப்பும் எரிவாயு வால்வும் மூடப்பட்டிருக்க வேண்டும்.

ஆளுக்கொரு பொறுப்பு

இத்தனையையும் ஒரே ஆள் நினைவில் வைத்துக்கொள்ள இயலாது. வீட்டுத் தலைவர் ஓட்டுவதோடு டயரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்ளட்டும். அடுப்பும் வால்வும் உம்மாவின் பொறுப்பு. அவர் "மூடியாயிற்று" என்று சொன்ன பின்னரே சாவி திரும்ப வேண்டும். மூத்த பிள்ளை கதவு, அலமாரி, பின்விளக்கு பார்க்கட்டும். தம்பி தங்கையரின் பெல்ட்டையும் தலைக்கணக்கையும் அக்கா பார்க்கட்டும். பெரியவர்களின் மருந்துப் பை எங்கிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். ஓட்டுபவர் எவ்வளவு மூத்தவராயினும், "உறக்கம் வருகிறதா? நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை வீட்டின் கடைசிப் பிள்ளைக்கும் உண்டு என்று புறப்படுமுன்னரே அறிவித்துவிடுங்கள். மரியாதை கருதி வாய்மூடி இருந்தால் குடும்பம் முழுவதும் ஆபத்தில் சிக்கும்.

சில எண்களைக் காகிதத்தில் எழுதி ஓட்டுநர் முன் ஒட்டி வையுங்கள். ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, எரிவாயுக் கசிவுக்கு 1906. அக்காகிதத்திலேயே வண்டியின் உயரத்தையும் எழுதிவிடுங்கள்; ரயில் பாதையின் கீழ் நுழையும்போது அது கைகொடுக்கும். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. செல்லும் வழியெங்கும் இப்படி ஊருக்கு ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதற்பயணத்தை நெடுந்தூரப் பயணமாக வைத்துக்கொள்ளாதீர்கள். விழுப்புரத்தார் திண்டிவனம்வரை சென்று, உறவினர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஓரிரவு அதிலேயே உறங்கிப் பாருங்கள். எந்தத் தாழ் பழுது, எந்தக் கம்பி சூடாகிறது, எந்தப் பொருள் உருள்கிறது என்பதை அந்த ஓரிரவு சொல்லிவிடும். அங்கே உதவிக்குக் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கும்.

பயண துஆ ஓதிப் புறப்படும் நமக்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டும் நெறி புதியதன்று. டயரில் காற்றும், இடுப்பில் பெல்ட்டும், மூடிய வால்வும், திறக்கும் சன்னலும் அந்தக் கட்டுக்கயிற்றின் இழைகளே. அவற்றைச் சரிபார்த்தபின் மனநிறைவோடு புறப்படுங்கள்.

உங்கள் வண்டியும் அதிலுள்ளோரும் நலமே சென்று நலமே திரும்ப வேண்டும் என்பதே எம் வேட்கை. அடுத்த இதழில் வேறொரு பொருளோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.